கர்நாடக லோக் ஆயுக்தாவும் அரசு மருத்துவமனைகளும்

1984ஆம் ஆண்டின் கர்நாடக லோக் ஆயுக்தா சட்டப்படி, முறையிடுவோர் தம் புகாரைப் பிரமாணப் பத்திரத்துடன் அளிக்க வேண்டும். விசாரணைக்கு ஏற்கப்பட்டால், அதன் நகல் சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அனுப்பப்பட்டு, அவர்தம் விளக்கம் பெறப்படும். நியாயமான நடைமுறைதான். ஆயினும், கையூட்டுக் கேட்டவரிடமே மறுநாளும் சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய ஏழை நோயாளி எப்படித் துணிந்து கையொப்பமிடுவார்?

2001இல் பொறுப்பேற்ற நீதியரசர் என். வெங்கடாசலா, புகாருக்காகக் காத்திராமல் அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் முன்னறிவிப்பின்றி நேரில் சென்றார். பிலிகிரிரங்கன மலையில் சோலிகர் பழங்குடியினரிடையே நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் எச். சுதர்சன், சுகாதாரத் துறைக்கான கண்காணிப்பு இயக்குநராக அமர்த்தப்பட்டார். இந்த நியமனத்தையே அக்காலத்தின் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். மருந்து இருப்பிலும் வருகைப் பதிவேட்டிலும் எதை ஐயுற வேண்டும் என்பது மருத்துவருக்குச் சட்டென்று புலப்படும். நீதிபதிக்கு அத்துணை எளிதன்று.

குற்றச்சாட்டு மெய்ப்பட்டாலும் லோக் ஆயுக்தா தானே தண்டிக்க இயலாது. அறிக்கையுடன் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. மேற்கொண்ட நடவடிக்கையை உரிய அதிகார அமைப்பு 3 மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அது நிறைவளிக்காவிடில் ஆளுநருக்குத் தனி அறிக்கை அனுப்ப வழியுண்டு.