மௌனமும் ஒரு சான்று: டெரி நகரின் அண்டர்ரோன்ஸ் இசைக்குழு (1975 – 1983)

ஒரு சமூகம் நெருக்கடிக்குள்ளாகியிருக்கும் வேளையில் அச்சமூகத்தின் கலைஞன் எதைப் பாடவேண்டும் என்னும் வினா, கலை இலக்கியம் பற்றிய நமது விவாதங்களில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். நெருக்கடியை நேரடியாகப் பொருளாகக் கொள்ளாத படைப்பைச் சமூக உணர்வற்றதென ஒதுக்கிவிடும் போக்கும் அவ்விவாதங்களிடையே காணப்படுகின்றது. இத்தீர்ப்பு எந்தளவிற்குப் பொருந்தும் என்பதைச் சோதித்து நோக்குவதற்கு, வட அயர்லாந்தின் டெரி நகரிலே தோன்றி 1975 முதல் 1983 வரை இயங்கிய அண்டர்ரோன்ஸ் என்னும் இளைஞர் இசைக்குழுவின் குறுகிய வரலாறு தக்கதொரு சான்றாக அமைகின்றது. போர்க்களம் போன்றதொரு நகரிலிருந்து வந்த இக்குழுவினர் காதலையும் பள்ளிப் பருவத்துப் பொறாமைகளையும் பற்றியே பெரும்பாலும் பாடினர். அவர்களது மௌனத்தின் பொருள் யாது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

டெரி என்றும் லண்டன்டெரி என்றும் இருவேறாக வழங்கும் இந்நகரின் பெயரே அதன் பிளவை உணர்த்தும். நகர மக்களுட் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆயினும் தேர்தல் வட்டாரங்கள் பிரிக்கப்பட்ட முறையும், சொத்துடைமையோடு பிணைந்திருந்த உள்ளூராட்சி வாக்குரிமையும், நகரசபையைப் பல தசாப்தங்களாகப் புரட்டஸ்தாந்து ஒன்றியவாதிகளின் கையிலேயே வைத்திருந்தன. இந்நிலைக்கெதிராக 1968 ஒக்டோபர் 5ஆம் திகதி நடைபெற்ற குடியுரிமை ஊர்வலம் பொலிசாரால் அடித்துக் கலைக்கப்பட்டது. 1969 ஓகஸ்ற் மாதம் பொக்சைட் பகுதியில் மூன்று நாட்கள் நீடித்த கலவரத்தையடுத்துப் பிரித்தானிய இராணுவம் வீதிக்கு வந்தது. 1972 ஜனவரி 30ஆம் திகதி, ஊர்வலஞ் சென்ற மக்கள் மீது இராணுவத்தினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார்.

இந்நிகழ்ச்சிகளெல்லாம் நடந்தேறியபோது பேர்கல் ஷார்க்கி, சகோதரர்களான ஜோன் ஓநீல், டேமியன் ஓநீல், மைக்கல் பிராட்லி, பில்லி டொஹேர்ட்டி ஆகிய ஐவரும் நகரின் கத்தோலிக்கப் பகுதிகளில் வளர்ந்துகொண்டிருந்த சிறுவர்கள். சோதனைச் சாவடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களுடைய பிள்ளைப் பிராயத்தின் அன்றாடக் காட்சிகளாயிருந்தன என்பதை மனங்கொண்டே அவர்களது பாடல்களை அணுகுதல் வேண்டும்.

வன்செயல் இசையுலகையும் விட்டுவைக்கவில்லை. 1975 ஜூலை 31ஆம் திகதி, நடன நிகழ்ச்சியொன்றை முடித்துத் திரும்பிய மயாமி ஷோபாண்ட் குழுவின் வாகனம் வழிமறிக்கப்பட்டு, அதன் கலைஞர் மூவர் ஒன்றியவாத ஆயுதக்குழுவினராற் கொல்லப்பட்டனர். வெளிநாட்டு இசைக்குழுக்கள் வட அயர்லாந்துக்கு வருவதைப் பெரிதும் தவிர்த்தன. எனவே டெரி இளைஞர் தம் இசையறிவை இசைத்தட்டுகளிலிருந்தும் வானொலியிலிருந்துமே பெறவேண்டியிருந்தது. 1976இல் வெளிவந்த, நியூயோர்க் நகர ரமோன்ஸ் குழுவின் முதலாவது இசைத்தட்டு அவர்களை ஆழமாகப் பாதித்தது. மூன்று சுருதிக் கோவைகளும் இரண்டு நிமிடமும் ஒரு பாடலுக்குப் போதும் என்பதை அவ்விசைத்தட்டு காட்டிற்று. பங்க் இயக்கம் தந்த அவ்வேகத்தோடு, 1960களின் பொப் பாடல்களுக்குரிய இனிய மெட்டையும் இக்குழுவினர் இணைத்தனர். இவ்வாறு உரத்த கிற்றார் ஒலியும் எளிதில் மனதிற் பதியும் மெட்டும் சேர்ந்தமைந்த இசைவகையே பவர் பொப் எனப்படுகின்றது. டெரியிலுள்ள காஸ்பா என்னும் சிறிய மதுச்சாலையே இவர்களது பயிற்சிக்களமாயிற்று.

1978 ஜூன் மாதம் பெல்பாஸ்ற் நகரிலே, ரெறி ஹூலி என்பார் தமது இசைத்தட்டுக் கடையின் பெயரிலேயே நடத்திவந்த குட் வைபிரேஷன்ஸ் நிறுவனத்துக்காக, நான்கு பாடல்களை இவர்கள் ஒலிப்பதிவு செய்தனர். அதற்கான செலவு ஏறக்குறைய 200 பவுண். அவற்றுள் ஜோன் ஓநீல் இயற்றிய 'ரீனேஜ் கிக்ஸ்' என்னும் பாடலை, பீ.பீ.சீ. வானொலியின் இரவு நிகழ்ச்சி அறிவிப்பாளரான ஜோன் பீல், 1978 செப்ரெம்பர் 25ஆம் திகதி அடுத்தடுத்து இருமுறை ஒலிபரப்பினார். சில நாட்களுள் அமெரிக்காவின் சையர் நிறுவனம் குழுவினரோடு ஒப்பந்தஞ் செய்தது. பாடல் பிரித்தானிய விற்பனை வரிசையில் 31ஆம் இடத்தை எட்டிற்று. 2004இல் இறந்த பீலின் கல்லறையில் இப்பாடலின் அடியொன்று பொறிக்கப்பட்டுள்ளது.

புகழ் வந்ததும் குற்றச்சாட்டும் வந்தது. டெரியிலிருந்து வந்தவர்கள் டெரியைப் பாடவில்லையே என்பதே அக்குற்றச்சாட்டு. இதற்கு ஒப்பீடாகக் காட்டப்பட்டது, அக்காலத்திலேயே பெல்பாஸ்ற் நகரில் எழுந்த ஸ்ரிஃப் லிற்றில் ஃபிங்கர்ஸ் என்னும் குழுவாகும். குண்டுகளையும் இராணுவத்தையும் இளைஞரின் சினத்தையும் அக்குழு வெளிப்படையாகப் பாடிற்று. அப்பாடல்கள் சிலவற்றின் ஆக்கத்தில் கோர்டன் ஓகில்வி என்னும் பத்திரிகையாளரும் பங்குகொண்டிருந்தார். ஓநீல் சகோதரர்கள் அப்பாடல்களை ஐயத்தோடு நோக்கினர். துன்பம் பரபரப்புக்குரிய பொருளாக்கப்படுகின்றது என்பது அவர்களது எண்ணம். 1977 ஒக்டோபரில் பெல்பாஸ்ற் வந்த லண்டன் கிளாஷ் குழுவினர், இசை நிகழ்ச்சி இரத்தான நிலையில், படையினரும் தடைகளும் நின்ற வீதிகளிலே புகைப்படம் எடுத்துச் சென்றமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. வெளியிலிருந்து வந்தோருக்கு அவ்வீதி ஒரு காட்சி. அங்கு பிறந்தோருக்கு அது கடைக்குப் போகும் வழி.

அண்டர்ரோன்ஸ் குழுவின் மௌனம் வணிக நோக்குடையது எனச் சிலர் வாதிடலாம். அரசியல் கலவாத பாடலே வானொலிக்கு ஏற்றது என்பது அவ்வாதத்தின் அடிப்படை. ஆனால் சான்றுகள் இதற்குத் துணைசெய்யவில்லை. 1979இல் வெளிவந்த ஸ்ரிஃப் லிற்றில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் நெடுந்தட்டு பிரித்தானிய வரிசையில் 14ஆம் இடத்தைப் பெற்றது. அதே ஆண்டில் வந்த அண்டர்ரோன்ஸ் குழுவின் முதல் நெடுந்தட்டு 13ஆம் இடத்தைப் பெற்றது. வட அயர்லாந்தின் துன்பத்துக்குச் சந்தை இருந்தது என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. அச்சந்தை தம்முன் திறந்து கிடக்கவும் இவ்விளைஞர் அதனுள் நுழைய மறுத்தனர்.

அம்மறுப்பிலே ஒரு கோரிக்கை அடங்கியிருந்தது எனக் கருத இடமுண்டு. அரசும், ஆயுதக்குழுக்களும், செய்தியாளரும் டெரி நகரத்து இளைஞனை ஒரு பிரச்சினையின் உறுப்பாகவே கண்டனர். அவனும் ஒரு பெண்ணை நினைத்து உறக்கமின்றித் தவிப்பவன், பரீட்சையில் வெல்லும் மைத்துனன்மீது எரிச்சல் கொள்பவன் என்று சொல்லுதல், அவ்வரையறையை மீறுவதாகும். 1980இல் 9ஆம் இடத்தை எட்டிய 'மை பெர்பெக்ற் கசின்' என்னும் பாடல் அத்தகையதோர் உறவினனைப் பற்றிய நகைச்சுவையே. சாதாரண வாழ்வு மறுக்கப்பட்ட இடத்தில், சாதாரண வாழ்வைப் பாடுதலும் உரிமை கோருதலின் ஒரு வடிவமாகின்றது.

இம்மௌனம் அலட்சியத்தின் விளைவன்று என்பதை 1981ஆம் ஆண்டு தெளிவுபடுத்திற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேஸ் சிறைச்சாலையிலே குடியரசுவாதக் கைதிகள் அரசியற் கைதிகளுக்குரிய நிலையைக் கோரி உண்ணாவிரதம் தொடங்கினர். மே 5ஆம் திகதி பொபி சான்ட்ஸ் இறந்தார். போராட்டம் ஒக்டோபரில் முடிவுறுமுன் பத்துப் பேர் உயிர்நீத்தனர். அவர்களுள் இருவர் டெரி நகரத்தவர். இக்காலத்தில் வெளிவந்த 'இற்ஸ் கோயிங் ரு ஹப்பன்' என்னும் பாடல், டேமியன் ஓநீலும் மைக்கல் பிராட்லியும் அவ்வுண்ணாவிரதத்தை மனதிற்கொண்டு எழுதியதாகும். உற்சாகமான மெட்டின்கீழ் பொருள் மறைந்திருந்தமையால் வானொலிகள் அதனைத் தடையின்றி ஒலிபரப்பின. பாடல் 18ஆம் இடம்வரை சென்றது. சான்ட்ஸின் மரணத்தையொட்டி, அப்பாடலைத் தொலைக்காட்சியிற் பாடியபோது டேமியன் ஓநீல் கையிற் கறுப்புப் பட்டி அணிந்து தோன்றினார். உரைக்க முடியாததை ஒரு துண்டுத் துணி உரைத்தது.

இதன்பின் குழுவின் இசை மாற்றமுற்றது. 1981இல் வந்த மூன்றாவது நெடுந்தட்டில் ஊதுகருவிகள் சேர்ந்தன. 1983இல் வந்த நான்காவது தட்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைத் தழுவியது. இசையில் முதிர்ச்சி கூடியதாயினும் விற்பனை வீழ்ந்தது. ஷார்க்கி விலகுவதாக அறிவிக்க, 1983 ஜூலையில் குழு கலைந்தது. ஷார்க்கி தனிப்பாடகராகி 1985இல் பிரித்தானிய வரிசையின் முதலிடத்தைப் பெற்றார். ஓநீல் சகோதரர்களோ, 1984இல் உருவான தற் பெற்றோல் இமோஷன் என்னும் குழுவினூடாக, வட அயர்லாந்தின் அரசியலை வெளிப்படையாகவே பேசலாயினர். இளமையில் எதைச் சொல்லாது விட்டனரோ, அதனை அவர்கள் அறிந்தே விட்டிருந்தனர் என்பதற்கு இது மேலுமொரு சான்றாகும். ஷார்க்கி நீங்கலான ஏனையோர் 1999இல் வேறொரு பாடகருடன் மீண்டும் ஒன்றிணைந்தமை பிற்கால வரலாறு.

ஒருசில பாடல்கள் இரு சமூகங்களை ஒன்றிணைத்துவிட்டன என்று கூறுவது மிகையாகும். சமாதான உடன்படிக்கைக்கு வட அயர்லாந்து 1998வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடல்கள் எந்தத் துப்பாக்கியையும் கீழே வைக்கச் செய்யவில்லை. ஆயினும் ஒரு காலத்தின் வரலாற்றை எழுத முனைவோர் அக்காலத்தின் முழக்கங்களை மட்டும் தொகுத்தல் போதாது. எவை பேசப்படாமல் விடப்பட்டன, யாராற் பேசப்படாமல் விடப்பட்டன, பேச மறுத்தவர் அதற்காக எதை இழக்கத் துணிந்தனர் என்பனவும் ஆராயப்படல் வேண்டும். டெரியின் ஐந்து இளைஞர் துப்பாக்கிகளின் நடுவே நின்று காதலைப் பாடினர். அவர்கள் துப்பாக்கிகளைக் காணவில்லை என்று அதனாற் கொள்ளுதல், அவர்களையும் அந்நகரையும் ஒருசேரத் தவறாக விளங்கிக்கொள்வதேயாகும்.