சொந்தக்காரன் இல்லாத உப்பு

சாங்கி என்றால் இன்றைக்கு விமான நிலையம். முந்தைய தலைமுறைக்கு அது போர்க்கைதி முகாம். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேடும் ஒருவர். சக கைதிகளைப் பார்த்துப் பார்த்து, மனநோய்க்கு உடலில்தான் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது.

ஊர் திரும்பியவர், மெல்பர்ன் பண்டூரா மருத்துவமனையில் புழங்காத சமையலறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கினார். லித்தியம் உப்பு ஏற்றிய கினிப்பன்றிகள் சாதுவாகிவிட்டன. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு வெறியெழுச்சி கண்ட 10 நோயாளிகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேருமே தேறினார்கள். 1949இல் கட்டுரை வெளிவந்தது.

அப்புறம் என்ன, உலகமே ஓடி வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்கா அனுமதி தந்தது 1970இல். 21 ஆண்டுகள்! ஆனால் காப்புரிமை பெற்ற குளோர்ப்ரோமசின் 1952இல் பாரிசில் நோயாளிகளுக்குத் தரப்பட்டு, 1954இலேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது.

தாமதத்திற்கு நியாயமான காரணமும் உண்டு. லித்தியத்தில் மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி குறைவு. 1949இல் அமெரிக்காவில் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சேர்த்துக்கொண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்தார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. 1817இல் கண்டறியப்பட்ட தனிமம் இது. 19ஆம் நூற்றாண்டிலேயே மூட்டுவாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் உரிமை கோர முடியாது. ஒரு கம்பெனி பெரும்பணம் செலவழித்து மனிதர்களிடம் சோதித்து நிரூபித்தாலும், மறுநாளே பக்கத்துக் கம்பெனி அதே மாத்திரையை விற்கலாம். அப்புறம் யார் காசு போடுவாங்க?

அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கின் அரசு மனநல மருத்துவமனையில் இருந்த மோகன்ஸ் ஷோ. அவருடைய சகோதரரே மனச்சோர்வால் அவதிப்பட்டவர். 1970இல் ஷோவும் சக ஆய்வாளர்களும் 84 பெண்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். லித்தியத்துக்குப் பதிலாக வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்ட 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை.

காப்புரிமை, புதிதாகக் கண்டுபிடிப்பவருக்குத் தரப்படும் கூலி. பழைய உப்பில் புதுப் பயன் காண்பவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதனால் மலிவாக இருப்பதே ஒரு மருந்தின் குற்றமாகிவிடுகிறது. அந்த இடத்தைப் பொதுப்பணம்தான் நிரப்ப வேண்டும். நிரப்பத் தாமதமானால் அதன் விலையைக் கம்பெனிகள் கொடுப்பதில்லை; பூட்டிய அறைக்குள் காத்திருக்கும் நோயாளிதான் கொடுக்கிறார்.