விற்கலாகாத பொறுப்பு: நேஷனல் டிரஸ்ட் வரலாறும் திருச்சபையின் உக்கிராணத்துவமும்

முன்னுரை

திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கையில் கோட்பாடுகளையும் பேரவைகளையும் அருட்பணியாளர்களையும் குறித்து நாம் விரிவாகப் பேசுகிறோம். சபைக்குரிய நிலத்தையும் கட்டடத்தையும் குறித்துப் பேசுவது அரிது. அவை பொருளாளருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உரிய அலுவல் என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் ஓர் ஆயர் புதிய சபைக்கு மாற்றலாகிச் செல்லும்போது அவரிடம் மக்களோடுகூட ஆலயமும் குருமனையும் கல்லறைத் தோட்டமும் பள்ளியும் நிலமும் ஒப்புவிக்கப்படுகின்றன. இவற்றில் எதையும் அவர் சம்பாதிக்கவில்லை. தமக்குப் பின் வருபவரிடம் இவற்றைக் குறையாமல் ஒப்புவித்துச் செல்ல அவர் கடமைப்பட்டிருக்கிறார்.

இந்த உறவைக் குறிக்க 'உக்கிராணத்துவம்' என்னும் அருமையான சொல் நம்மிடம் உண்டு. ஆனால் காணிக்கையைப் பற்றிய அருளுரைகளோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. அச்சொல்லின் பொருளைச் சட்டமாகவும் நிறுவனமாகவும் வடித்துக் காட்டியது இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டில் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கழகம். வரலாற்றுச் சிறப்பும் இயற்கை எழிலும் வாய்ந்த இடங்களைப் பொதுமக்களுக்காகக் காப்பதே அதன் நோக்கம். அதனை நிறுவிய மூவருள் ஒருவர் ஒரு கிராமச் சபையின் குருவானவர். அதன் வரலாற்றையும் அதனின்று திருச்சபை கற்கவேண்டியவற்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. நிறுவிய மூவர்

முதலாமவர் ஆக்டேவியா ஹில் அம்மையார் (1838–1912). இறையியல் மாணவர் நன்கறிந்த எஃப். டி. மாரிஸின் தாக்கத்திற்கு இளமையிலேயே உட்பட்டவர். 1865ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கினின் பொருளுதவியோடு இலண்டன் மாநகரின் மேரில்போன் பகுதியில் ஏழைகள் குடியிருந்த சில வீடுகளைப் பொறுப்பேற்று, அவற்றைச் செப்பனிட்டு, குடியிருந்தோரோடு நேரில் பழகி நடத்தினார். நல்ல வீடு மட்டும் ஏழைக்குப் போதாது. மூச்சுவிடத் திறந்தவெளியும் கண் காண அழகும் வேண்டும் என்பது அவ்வனுபவத்தில் அவர் கண்ட உண்மை. 1875ஆம் ஆண்டில் சுவிஸ் காட்டேஜ் வயல்வெளியை மக்களுக்காக விலைக்கு வாங்க அவர் முயன்றார். அம்முயற்சி தோற்றது, வயல்வெளி வீட்டுமனைகளாயிற்று.

இரண்டாமவர் சர் ராபர்ட் ஹன்ட்டர் (1844–1913). வழக்கறிஞரான இவர், ஊர்ப் பொதுநிலங்களைக் காக்க 1865ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சங்கத்தின் சட்ட ஆலோசகராக உழைத்தவர். எப்பிங் காடு தனியார் வேலிகளுக்குள் அடைபடாமல் மக்களுக்குரியதாக நிலைபெற்றதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்றாமவர் கனம் ஹார்ட்விக் ரான்ஸ்லி (1851–1920). பிரிஸ்டல் நகரத்து ஏழைகளிடையே பணிபுரிந்தபின், வட இங்கிலாந்தின் ஏரிநாட்டிலுள்ள ரே கிராமத்திற்கு 1878ஆம் ஆண்டில் குருவாகச் சென்றார். 1883ஆம் ஆண்டுமுதல் 1917ஆம் ஆண்டுவரை கெஸ்விக் நகரையடுத்த கிராஸ்த்வெயிட் சபையின் ஆயராக இருந்தார். கெஸ்விக் என்றதும் அங்கு 1875ஆம் ஆண்டில் தொடங்கிய ஆவிக்குரிய ஆழத்திற்கான மாநாடே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பரிசுத்த வாழ்வைப் பற்றிய போதனை எழுந்த அதே ஊரில் மண்ணையும் மலையையும் பற்றிய இப்பணியும் வளர்ந்தது கவனத்திற்குரியது. 1883ஆம் ஆண்டில் பலகைக்கல்லை ஏற்றிச்செல்ல அவ்வேரிகளின் நடுவே இருப்புப்பாதை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, ரான்ஸ்லி மக்களைத் திரட்டி எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டில் தம் துணைவியார் ஈடித் அம்மையாரோடு இணைந்து ஊர்த் தொழிலாளருக்கு மர வேலையும் உலோக வேலையும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இடத்தைக் காப்பதையும் அவ்விடத்து மக்களை வாழவைப்பதையும் அவர் இரு பணிகளாகக் கருதவில்லை.

2. பெயரில் அடங்கிய பொருள்

1884ஆம் ஆண்டில், நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஜான் ஈவ்லினின் வழித்தோன்றல் ஒருவர், டெட்ஃபோர்டிலிருந்த தம் குடும்பத்தின் பழந்தோட்டத்தை மக்களுக்குக் கொடையாக அளிக்க விரும்பினார். கொடுக்க மனமிருந்தும், அதனை மக்களின் பெயரால் ஏற்று என்றென்றும் வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள அமைப்பு எதுவும் நாட்டில் இல்லை! இக்குறையை உணர்ந்த ஹன்ட்டர் நிலத்தை வாங்கி வைத்திருக்கும் ஒரு கம்பெனியை நிறுவலாம் என்றார். ஆக்டேவியா ஹில்லுக்கு 'கம்பெனி' என்னும் சொல் பிடிக்கவில்லை. வாணிகத்தின் சாயல் தவிர்த்து அறத்தின் சாயல் விளங்கவேண்டும் என்று எண்ணி, 'டிரஸ்ட்' என்னும் சொல்லை 1885ஆம் ஆண்டில் மடல் வாயிலாக முன்மொழிந்தார். அம்மடலின்மேல் ஹன்ட்டர் பென்சிலால் 'நேஷனல் டிரஸ்ட்' என்று குறித்து வைத்தார்.

இது வெறும் பெயர்மாற்றம் அன்று. கம்பெனியின் பங்குதாரர் தமக்குரியதை வைத்திருக்கிறார். டிரஸ்டின் பொறுப்பாளர் பிறருக்குரியதை வைத்திருக்கிறார். அப்பிறருள் இன்னும் பிறவாதவரும் அடங்குவர். பத்தாண்டுகள் கழித்து, 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கழகம் பதிவு செய்யப்பட்டது. ரான்ஸ்லி தம் மரணமட்டும் அதன் மதிப்புறு செயலாளராக இருந்தார்.

அதே ஆண்டில் வேல்ஸ் கடற்கரையில் பார்மத் ஊருக்கு மேலுள்ள டினஸ் ஒலய் என்னும் சிறு மலைச்சரிவை ஃபேனி டால்பட் என்னும் அம்மையார் வழங்கினார். ஐந்து ஏக்கருக்கும் உட்பட்ட அந்நிலமே கழகத்தின் முதற்சொத்து. 1902ஆம் ஆண்டில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையிலுள்ள பிராண்டல்ஹோ விற்பனைக்கு வந்தபோது, ரான்ஸ்லியும் நண்பர்களும் விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கி ஐந்து மாதங்களில் 6,500 பவுன் சேர்ந்தது. செல்வரோடு ஆலைத் தொழிலாளரும் தங்களால் இயன்றதை அனுப்பினர்.

3. முதற்கட்டடம் ஒரு குருமனை

கழகம் வாங்கிய முதற்கட்டடம் அரண்மனையன்று, கோட்டையுமன்று. ஒரு பழைய குருமனை. சசெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்னும் ஊரில் ஆலயத்தின் அருகே நிற்கும் அவ்வீடு 14ஆம் நூற்றாண்டில் மரச்சட்டத்தால் எழுப்பப்பட்டுக் கூரை வேயப்பட்டது. பழுதடைந்து, இடித்துவிடலாம் என்னும் நிலைக்கு வந்திருந்த அதனை ஊர்க் குருவானவரின் முயற்சியால் 1896ஆம் ஆண்டில் 10 பவுனுக்குக் கழகம் வாங்கியது. செப்பனிட ஆன செலவோ விலையைப் பன்மடங்கு விஞ்சியது.

அதைச் செப்பனிட்ட முறை கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய ஆலயங்கள் பல 'புதுப்பித்தல்' என்னும் பெயரால் சிதைக்கப்பட்டன. நல்ல எண்ணமுடைய குருமாரும் கட்டடக் கலைஞரும் பிற்காலத்தில் சேர்ந்த பகுதிகளை அகற்றி, ஆதியில் இருந்தது இதுவே என்று தாங்கள் எண்ணிய வடிவத்தைத் திணித்தனர். ட்யூக்ஸ்பரி ஆலயத்திற்கும் இது நேருமென அஞ்சிய வில்லியம் மாரிஸ், பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கத்தை 1877ஆம் ஆண்டில் நிறுவினார். அதன் கொள்கை எளியது: புதுப்பிக்காதே, பேணு. கூரை ஒழுகுமுன் ஓட்டை மாற்று. சுவர் சாயுமுன் முட்டுக்கொடு. ஒவ்வொரு தலைமுறையும் விட்டுச்சென்ற அடையாளத்தை அழியாதே. ஆல்ஃபிரிஸ்டன் குருமனையும் இச்சங்கத்தின் வழிகாட்டுதலோடு செப்பனிடப்பட்டது. அதன் கூடத்தில் சுண்ணக்கல்லை இடித்து இறுக்கிப் புளித்த பாலால் மெழுகிய தரை அவ்வட்டார மரபுப்படி அமைந்தது. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்த நம் கொத்தனார்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது.

4. விற்கலாகாமை என்னும் சட்டம்

கழகத்தின் உயிர்நாடி 1907ஆம் ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய நேஷனல் டிரஸ்ட் சட்டம். அதன்படி கழகம் தன் நிலத்தையோ கட்டடத்தையோ 'விற்கலாகாதது' என்று அறிவிக்கலாம். அவ்வாறு அறிவித்தபின் அதனை விற்கவோ அடைமானம் வைக்கவோ கழகத்திற்கே உரிமை இல்லை. நிர்வாகிகளுக்குப் பணமுடை வரலாம். நல்ல விலை கிடைக்கலாம். உயர்ந்த நோக்கமும் குறுக்கிடலாம். எதுவாயினும் முந்தினவர் கொடுத்த வாக்கைப் பிந்தினவர் மீறமுடியாது. பொறுப்பாளர் தம் கைகளைத் தாமே கட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதன் வேர் வேதாகமத்தில் இல்லாமலில்லை. நிலம் கர்த்தருடையது, மக்களோ அதில் தங்கும் பரதேசிகள். ஆகவே அறுதி விற்பனை கூடாது என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆகாப் நியாயமான விலையும் அதனினும் நல்ல தோட்டமும் தருவதாகச் சொல்லியும் நாபோத் இணங்காதது பிடிவாதத்தால் அன்று; முற்பிதாக்களின் சுதந்தரம் தன் கைப்பொருள் அல்ல என்னும் உணர்வால். எனினும் ஒன்றை மறக்கலாகாது: லேவியராகமச் சட்டம் நிலத்தின் பொருட்டு நிலத்தைக் காக்கவில்லை. வறுமையால் நிலமிழந்தவன் மீண்டும் தன் காணியாட்சிக்குத் திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். யாருக்காகக் காக்கிறோம் என்னும் கேள்வியே இங்குத் தலையானது.

5. மாளிகைகளும் ஏழைகள் விடுதியும்

இக்கேள்வியில் நேஷனல் டிரஸ்டும் சோதிக்கப்பட்டது. இறப்பு வரியின் சுமையால் பிரபுக்களின் பெருமாளிகைகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1937, 1939 ஆண்டுகளின் சட்டங்கள் அவற்றைக் கழகம் ஏற்க வழிவகுத்தன. லோதியன் பிரபுவின் பிளிக்லிங் மாளிகை 1940ஆம் ஆண்டில் கழகத்தைச் சேர்ந்தது. கொடுத்த குடும்பத்தார் பலர் அங்கேயே தொடர்ந்து குடியிருக்கவும் இடமளிக்கப்பட்டது. ஏழைகளின் திறந்தவெளிக்காகத் தொடங்கியது செல்வரின் கூடங்களைக் காப்பதில் முடிந்ததோ என்று பலர் வினவினர். அவ்வினா நியாயமானதே.

அதற்கு ஒரு மறுமொழி காலந்தாழ்த்தி வந்தது. நாட்டிங்ஹாம் பகுதியின் சவுத்வெல் ஊரிலுள்ள ஏழைகள் விடுதியை 1997ஆம் ஆண்டில் கழகம் வாங்கி, 2002ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்தது. 1824ஆம் ஆண்டில் எழுந்த அவ்விடுதியை வகுத்தமைத்தவர் ஒரு குருவானவர்: கனம் ஜான் தாமஸ் பீச்சர். உதவி நாடி வந்த ஏழைகள் அங்கே ஆணென்றும் பெண்ணென்றும் பிள்ளையென்றும், உழைக்கக் கூடியவரென்றும் இயலாதவரென்றும் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே வைக்கப்பட்டனர். கணவன் மனைவியைக் காணான். தாய் பிள்ளையோடு உறங்காள். உதவி கேட்க மக்கள் அஞ்சவேண்டும் என்பதே அமைப்பின் நோக்கம். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திற்கு இவ்விடுதி முன்மாதிரியாயிற்று. ஆல்ஃபிரிஸ்டனில் ஒரு குருவின் எளிய வீட்டைக் காத்த கழகம், சவுத்வெல்லில் ஒரு குருவின் கடின நெஞ்சத்தையும் கல்வடிவில் காத்து வைத்திருக்கிறது. திருச்சபைக்கு இரண்டும் தேவை.

இதே நேர்மை நம் நாட்டையும் தொடுகிறது. வேல்ஸிலுள்ள பவிஸ் கோட்டை 1952ஆம் ஆண்டில் கழகத்திற்கு வந்தது. ராபர்ட் கிளைவ் குடும்பத்தார் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற பொருட்கள் அங்கே உள்ளன. திப்பு சுல்தானின் கூடாரமும் அவர் அரியணையை அணிசெய்த புலித்தலை ஒன்றும் அவற்றுள் அடங்கும். அக்குடும்பத்தின் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராயிருந்தவர். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அவர் ஆட்சிக் காலத்தில், 1799ஆம் ஆண்டில். தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆதிக்கத்தோடும் அடிமை வாணிகத்தோடும் இருந்த தொடர்பை 2020ஆம் ஆண்டில் கழகமே அறிக்கையாக வெளியிட்டது. நாட்டின் பெருமையைக் குலைப்பதாகக் கண்டனம் எழுந்தது. அறநிலையங்களை மேற்பார்வையிடும் ஆணையம் 2021ஆம் ஆண்டில் கழகம் சட்டத்தை மீறவில்லை என்று கண்டது. 2017ஆம் ஆண்டிலேயே 50 இலட்சம் உறுப்பினரைக் கடந்திருந்த கழகம், உறுப்பினருக்கு இனியவற்றை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

6. நமக்குரிய பாடம்

நமது திருச்சபைகளின் சொத்துக்களும் டிரஸ்ட் என்னும் பெயராலேயே பதிவாகியுள்ளன. அப்பெயரின் பொருள் நம் மனச்சாட்சியில் பதிந்துள்ளதா? சபை நிலங்களின் விற்பனையும் நீண்டகாலக் குத்தகையும் பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களை எட்டுவது யாவரும் அறிந்தது.

'கல்லும் மண்ணும் நற்செய்தியல்ல. பர்னபா நிலத்தை விற்று அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தானே' என்று சிலர் கூறுவர். பர்னபா விற்றது தன் நிலத்தை. தன்னுடையதை விற்பது தியாகம். பிறர் ஒப்புவித்ததை விற்பது தியாகமாகாது. 'கைகளினால் செய்யப்பட்ட ஆலயங்களில் உன்னதமானவர் வாசம்பண்ணுவதில்லை' என்னும் ஸ்தேவானின் சாட்சியும் மெய்யே. ஆயினும் அது கட்டடத்தைத் தெய்வமாக்குவோருக்கு எச்சரிக்கை. அதைக் கவனியாது விடுவோருக்கு அனுமதியன்று.

எனவே ஆயர் செய்யத்தக்கவை சில உண்டு. பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே சபையின் பத்திரங்களையும் நில வரைபடத்தையும் பழைய பதிவேடுகளையும் காண்பாராக. பிரதிஷ்டை விழாவின் பொருட்டுப் பழைய ஆலயத்தை இடிக்குமுன், பேணுதலால் அது நிற்குமா என்று அறிந்தோரிடம் வினவுவாராக. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உளுத்துப்போகும் என்பதை நினைவில் வைப்பாராக. ஆலயத்தின் வரலாற்றை எழுதுகையில் அடிக்கல் நாட்டியவரின் பெயரோடு கல் சுமந்தவரையும், தனி இடத்தில் உட்காரவைக்கப்பட்டவரையும் எழுதுவாராக. சபை நிலம் யாருக்குப் பயன்படுகிறது என்று ஆண்டுக்கொருமுறையேனும் சபைக்குக் கணக்கொப்புவிப்பாராக.

உக்கிராணக்காரனிடத்தில் எதிர்பார்க்கப்படுவது உண்மையுள்ளவனாகக் காணப்படுதலே. ரான்ஸ்லி மறைந்தபின் அவர் நினைவாக அன்பர்கள் பணம் சேர்த்து, கெஸ்விக் ஏரிக்கரையிலுள்ள ஃபிரையர்ஸ் கிராக் என்னும் பாறைமுனையை 1922ஆம் ஆண்டில் கழகத்திற்கு அளித்தனர். ஓர் ஆயரின் நினைவுச்சின்னமாக அமைந்தது எவரும் வந்து அமர்ந்து ஏரியை நோக்கக்கூடிய ஓரிடம். நம் பொறுப்பில் உள்ளவற்றுள் எவற்றை நமக்குப் பின் வரும் சபையார் அவ்வாறு திறந்த நிலையில் காண்பர் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் சபையில் எண்ணிப் பார்ப்போமாக.