நிலத்தடி நீரும் ஒரு வழக்குரையும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பிப் பேராற்றின் கரையில் மெம்பிஸ் என்னும் மாநகர் இருக்கிறது. அகன்ற ஆறு கண்ணெதிரே ஓடியும், அந்நகர மக்கள் அதன் நீரைக் குடிப்பதில்லை. பூமிக்கு அடியில் ஆழத்தில் பரந்து கிடக்கும் மணற்படுகையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குழாய்க் கிணறுகளின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கோடி காலன் நீரை இறைத்துக்கொள்கின்றனர். ‘மிடில் கிளெய்பார்ன்’ என்று வழங்கும் அப்படுகை எட்டு மாநிலங்களின் அடியில் விரிந்திருக்கிறது. தெற்கே சில கல் தொலைவிலேயே மிசிசிப்பி மாநிலத்தின் எல்லை தொடங்குகிறது. வழக்குக்கு இவ்வளவு போதாதா?

குழாய்க் கிணற்றில் நீரை இறைக்க இறைக்க, கிணற்றைச் சுற்றி நீரின் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு தலைகீழாக நிறுத்திய கூம்பின் வடிவில் நாற்புறமும் பரவும். கூம்புக்கு எல்லைக்கோடு தெரியுமா? மெம்பிஸ் நகரில் உண்டான கூம்பு மிசிசிப்பியின் அடியிலும் சென்று பரவிற்று. கிணறுகள் யாவும் டென்னசி மண்ணில் செங்குத்தாகத் தோண்டப்பட்டவை. ஒன்றேனும் எல்லையைத் தாண்டவில்லை. எனினும் அழுத்தம் குறைந்த பக்கம் நோக்கி நீர் நகர்வது இயற்கையன்றோ?

“எங்கள் நிலத்தடி நீரை அயலார் கவர்ந்து செல்கின்றனர்” என்று மிசிசிப்பி முறையிட்டது. 2005ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரின்மீது அது தொடுத்த வழக்கைக் கூட்டரசின் கீழ்நீதிமன்றம் 2008இல் தள்ளிவிட்டது. டென்னசி மாநிலத்தையும் பிரதிவாதியாகச் சேர்த்தாலன்றி வழக்கு நில்லாது. ஆனால் மாநிலம் மாநிலத்தின்மீது தொடுக்கும் வழக்கை உச்ச நீதிமன்றம் ஒன்றே விசாரிக்கலாம். 2010இல் உச்ச நீதிமன்றமும் இடமளிக்கவில்லை. 2014இல் மிசிசிப்பி மீண்டும் விண்ணப்பித்தது. மறு ஆண்டு அனுமதி கிடைத்தது.

மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆற்று நீரைப் பற்றி மாநிலங்கள் பூசலிடும்போது, இருவர் தேவையையும் சீர்தூக்கி நேர்மையாகப் பங்கிட்டுத் தரும் முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1907 முதல் கையாண்டு வருகிறது. மிசிசிப்பி அந்தப் பங்கீட்டைக் கேட்கவில்லை. நீர் முழுவதும் தனக்கே சொந்தம் என்றும், இழந்ததற்கு ஈடாகக் குறைந்தது 61.5 கோடி டாலர் தரவேண்டும் என்றும் வழக்குரையில் எழுதிற்று. பங்கீட்டு முறை இவ்வழக்குக்குப் பொருந்தாது என்றும் வெளிப்படையாகவே கூறியது. துணிவு மிக்க வழக்குரைதான். அந்தத் துணிவே பின்னர் அதற்கு வினையாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அமர்ந்து சாட்சிகளை விசாரிப்பதில்லை. ‘ஸ்பெஷல் மாஸ்டர்’ என்று ஒருவரை நியமிப்பர். இவ்வழக்கில் அப்பொறுப்பை ஏற்றவர் யூஜீன் சைலர் என்னும் மூத்த நீதிபதி. அவர் எல்லாவற்றையும் ஒருங்கே விசாரிக்க முற்படவில்லை. இந்நீர் மாநிலங்களுக்குப் பொதுவானதா, இல்லையா என்ற ஒரே வினாவை முதலில் எடுத்துக்கொண்டார். இரு தரப்பு நிபுணர்களும் தம் அறிக்கைகளை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே காட்டினர். எவ்வெவ் உண்மைகளில் இணக்கம், எவற்றில் பிணக்கு என்பதும் வரையறுக்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத பொருளைப் பற்றிய வழக்கில் இந்த முன்னேற்பாடு இல்லையேல், நீதிமன்றம் இருட்டறையாகவே இருந்திருக்கும். 2019 மே மாதத்தில் ஐந்து நாள் விசாரணை நடைபெற்றது.

மனிதர் கை படுவதற்கு முன்பும் அந்நீர் எல்லையைக் கடந்து நகர்ந்துகொண்டுதான் இருந்தது என்பது தெளிவாயிற்று. நாளொன்றுக்கு ஓரிரு அங்குலமே நகரும். நத்தை கூட அதை முந்திவிடும். ‘இவ்வளவு மெதுவாக நகர்வதை ஆறு போலக் கருதலாமா?’ என்றது மிசிசிப்பி. ஆனால் படுகையின் அகலம் பெரிது. ஆகவே அந்த ஓரிரு அங்குலமே நாளொன்றுக்கு 3.5 கோடி காலனுக்கு மேற்பட்ட நீராகிறது.

பங்கீட்டு முறையே பொருந்தும். ஆதலால் வழக்குரையைத் தள்ளிவிடலாம், எனினும் அதைத் திருத்திக்கொள்ள மிசிசிப்பிக்கு வாய்ப்பளிக்கலாம் என்று 2020இல் சைலர் பரிந்துரைத்தார். மிசிசிப்பி முதற்பகுதியை மறுத்தது. டென்னசி பிற்பகுதியை மறுத்தது. 2021 நவம்பர் 22ஆம் நாள் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒருமனதான தீர்ப்பை வழங்கினார். நிலத்தடி நீருக்கும் பங்கீட்டு முறை பொருந்தும் என்று அந்நீதிமன்றம் கூறியது அதுவே முதல் தடவை. திருத்தத்திற்கோ இடமளிக்கவில்லை. மிசிசிப்பி திருத்த அனுமதி கேட்கவேயில்லை. கேட்காத ஒன்றை எப்படி வழங்குவது? மேலும், பங்கீடு என்று வந்துவிட்டால் வேறு சான்றுகள் வேண்டும். பிற மாநிலங்களையும் வழக்கில் சேர்க்க நேரலாம். அது பழைய வழக்கின் திருத்தமாக இராது, புது வழக்காகவே ஆகிவிடும்.

இதனைக் கடுமை என்பார் உண்டு. பதினாறு ஆண்டு உழைப்பும் செலவும் வீணாயினவே என்று எனக்கும் இரக்கம் தோன்றுகிறது. எனினும் தன் வாயாலேயே வேண்டாம் என்று ஒதுக்கிய பரிகாரத்தை நீதிமன்றம் வலியத் திணிக்க வேண்டும் என்று வாதாடுவது எளிதன்று. அப்படுகையில் எந்த மாநிலத்திற்கு எவ்வளவு பங்கு என்பதை அத்தீர்ப்பு தீர்மானிக்கவில்லை. மெம்பிஸ் நகரம் மிசிசிப்பிக்கு ஒரு டாலரும் ஈடு கொடுக்க நேரவில்லை.