இடியன் துவக்கும் அதன் இரும்புக் காப்பும்: வன்னி வரலாற்றுச் சான்று பற்றிய ஒரு நோக்கு

வன்னியின் வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளரின் அறிக்கைகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இவ்வகையில் முதன்மையானது. எனினும், மக்கள் கையாண்ட கருவிகளும் சான்றுகளே என்பது மறக்கற்பாலதன்று. குழலின் வாய்வழியாக மருந்தும் சன்னமும் இட்டு, கோலால் இடித்துச் சுடும் துவக்கு அவற்றுள் ஒன்று. இதனை மக்கள் ‘இடியன்’ என்பர். இதன் குழலின் மேற்பரப்பு ஓர் ஏட்டினை ஒத்தது. முறையறியாது அதனைத் துலக்குவது அவ்வேட்டை அழிப்பதற்கு ஒப்பாகும்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபின் இலங்கைக் கொல்லர் துவக்குத் தொழிலில் விரைந்து தேர்ச்சி பெற்றனர். சுடுபொறி இடப்புறம் அமைந்த துவக்குகள் அவர்தம் தனி ஆக்கம் எனலாம். வன்னியில் சுடுகலனின் வரலாறு பண்டாரவன்னியனின் எழுச்சியோடு பிணைந்தது. 1803 ஓகஸ்ட் 25இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றான். போருக்குப் பின்னர் துவக்கு காட்டுக்கும் கழனிக்கும் உரியதாயிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் அரசு வழங்கிய வெகுமதியின் பொருட்டுக் கொல்லப்பட்டன என எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். அக்கால வட மாகாணம் வன்னியையும் நுவரகலாவியவையும் உள்ளடக்கியது. பின்வழி மருந்திடும் துவக்குகள் பரவுமுன் நிகழ்ந்தது இது. யானைகளின் தொகை ஏட்டில் உண்டு. சுட்டவர் பெயர் இல்லை. அவர் போன்றோரின் கைபட்ட குழல் எஞ்சியிருப்பின், பேசக்கூடியது அதுவே.

அக்குழலின் நிறம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் படைத்துவக்குகளின் வெண்ணிறக் குழல்களுக்குப் பழுப்பேற்றும் வழக்கம் நிலைபெற்றது. ஆலையின்றி வீட்டிலும் செய்யத்தக்க முறை இது. எண்ணெய்ப் பசை நீக்கிய குழலில் மென்மையான அமிலக் கரைசலோ உப்புக் கரைசலோ பூசித் துருப்பிடிக்க விடுவர். தளர்ந்த துருவைத் தேய்த்தகற்றி மீண்டும் பூசுவர். பலமுறை இவ்வாறு செய்தபின் வெந்நீரால் கழுவி எண்ணெயோ மெழுகோ இடுவர். எஞ்சி ஒட்டிநிற்கும் நுண்ணிய ஒட்சைட்டுப் படையே பழுப்பு நிறமாகும். கொதிநீரில் இட்டால் அச்செந்துரு கரிய ஒட்சைட்டாக மாறும். துருவைக் கொண்டே துருவைத் தணிக்கும் இம்முறை வியப்புக்குரியது. ஆயினும், அப்படை நுண்துளைகளை உடையது. தானாக அது இரும்பைக் காவாது; தன்னுள் ஏற்றுக்கொண்ட எண்ணெயாலேயே காக்கும். ஆதலின் பராமரிப்பு நின்றால் காப்பும் நின்றுவிடும்.

வன்னியின் இயற்கை இக்காப்புக்குப் பகையானது. முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்றும், வடகீழ்ப் பருவமழைக்கால ஈரமும், கைவியர்வையும் இரும்பை அரிக்கின்றன. இவற்றினும் கொடியது கருமருந்தின் எச்சம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விழுக்காட்டளவிற் கலந்த அம்மருந்து எரிந்தபின் பொற்றாசியங் காபனேற்று, பொற்றாசியஞ் சல்பேற்று முதலிய உப்புக்களை விட்டுச் செல்லும். காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இவ்வெச்சம் எண்ணெயில் கரையாது, நீரிற் கரையும். எனவே நீரால் கழுவுதல், முற்றாக உலர்த்துதல், மெல்லிய எண்ணெயிடுதல் என்னும் ஒழுங்கு மாறலாகாது. கழுவாத குழலில் எண்ணெயிடுவது உப்பை மூடிவைப்பதேயாம்.

தமிழர் இல்லங்களில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் செங்கற்றூளும் இட்டுத் துலக்குதல் மரபு. பித்தளைக்குப் பொருந்தும் இம்மரபு பழுப்பேற்றிய இரும்புக்குப் பொருந்தாது. புளியின் அமிலம் ஒட்சைட்டுப் படையைக் கரைக்கும். செங்கற்றூள் எஞ்சியதைச் சுரண்டும். குழல் பளபளக்கும். ஆனால் கை பிடித்த இடத்தின் தேய்வும், பூச்சின் ஏற்றத்தாழ்வு காட்டும் வீட்டு வேலைப்பாடும், ஆழமற்ற முத்திரைகளும் மறைந்துபோம். துலக்கிய பொருள் புதியது போற் காட்சி தரலாம், சான்றாக நில்லாது.

1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்துசென்ற, பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த லெவ்கே திசாவையின் பீரங்கி 2023இல் இலங்கைக்கு மீண்டது. அரும்பொருளகத்திற் பேணப்பட்டமையால் அதனை அறிஞர் ஆராய முடிந்தது. உழவனின் இடியனுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அதனை அனுமதிப்பத்திரத்துக்குரிய பொருளாகக் கண்டது. வரலாற்றுப் பொருளாக எவரும் கண்டிலர். 2009இல் முடிவுற்ற போரும் இடப்பெயர்வுகளும் வன்னி இல்லங்களின் பழம்பொருள்களைச் சிதறடித்தன. எனவே, சட்டப்படி எஞ்சியுள்ளவை எங்கிருப்பினும், அவற்றை ஒளிரச் செய்யும் ஆர்வத்தை அடக்குதல் வேண்டும். உலர்ந்த இடம், மென்துணி, மெல்லிய மெழுகுப் பூச்சு, ஒளிப்படப் பதிவு ஆகியன போதும். பழுப்பு நிறம் அழுக்கன்று. எழுதாதவர் விட்டுச்சென்ற எழுத்து அது.