இரும்பு வேலிக்கால்: மண்மட்டத்தில் துருப்பிடித்து ஒடியாமல் நடுவது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலையில் கரியாலூர், வெள்ளிமலை சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி முக்கியமான பணப்பயிர். நட்டதிலிருந்து கிழங்கு தோண்டப் பத்து மாதம் ஆகும். அந்தப் பத்து மாத உழைப்பைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். அதனால்தான் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பலரும் முதலில் நினைப்பது கம்பிவேலி.

வலைக்கும் முள்கம்பிக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறோம். காலை நடும்போது மட்டும் "ஒன்றரை அடி தோண்டி நிறுத்தினால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வேலி விழுவது கம்பியால் அல்ல, காலால்தான். பட்டறையில் நாமே செய்து வாங்கும் இரும்புக் காலை நிலத்தில் எப்படி நட்டால் நீண்ட நாள் நிற்கும் என்று பார்ப்போம்.

கால் ஒடிவது எங்கே?

பழைய இரும்புக் கால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே பெயிண்ட் ஓரளவு இருக்கும். ஆழத்தில் இருந்த பகுதியும் அவ்வளவாகக் கெட்டிருக்காது. மண்மட்டத்துக்கு மேலும் கீழுமாக நாலைந்து விரற்கடைதான் செதில் செதிலாக உரிந்து, இளைத்துப் போயிருக்கும். கால் ஒடிவதும் அங்கேதான்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே காற்று உண்டு, ஆனால் வெயிலில் ஈரம் காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண்மட்டத்தில் இரண்டும் எப்போதும் இருக்கும். போதாததற்கு காலடியில் புல் மண்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். சாணக் குவியல், யூரியா, பொட்டாஷ் சிதறல் பட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும். இந்தப் பகுதியைக் காலின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கழுத்தைக் காப்பாற்றினால் காலைக் காப்பாற்றியது போல.

எந்த இரும்பு, எவ்வளவு நீளம்?

தரைக்கு மேல் 5 அடி வேலிக்கு 7 அடி நீளக் கால் வேண்டும். 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக்காலும் கேட் காலும் 3 அடி இறங்க வேண்டும், ஆகவே அவை 8 அடி.

நடுக்கால்களுக்கு 40 × 40 × 5 மி.மீ. ஆங்கிள் போதும். மீட்டருக்கு 3 கிலோ வரும், ஒரு 7 அடிக் கால் சுமார் 6.4 கிலோ. மூலைக்கும் கேட்டுக்கும் 50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள் போடலாம். அது மீட்டருக்கு 4.5 கிலோ, 8 அடிக் கால் சுமார் 11 கிலோ. வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள். கனம் குறைந்த ஆங்கிளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

போர்வெல்லிலிருந்து கழற்றிய பழைய ஜி.ஐ. பைப்பும் நல்ல கால்தான். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் எடுக்கலாம். மொத்தையாகச் சத்தம் வந்தாலோ, தட்டும் இடம் குழிந்தாலோ, அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டியவை

1. காலின் அடியிலிருந்து 4 அங்குலம் மேலே, ஒரு சாண் நீளக் கம்பித் துண்டைக் குறுக்கே பற்றவைக்கச் சொல்லுங்கள். கம்பியை இழுக்கும்போது கால் திரும்பாமலும், மேலே கிளம்பாமலும் இருக்க இது உதவும்.

2. கம்பி கட்டும் துளைகளை நடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நட்ட பிறகு துளை போட்டால் கால் ஆடும், பெயிண்டும் போகும்.

3. பைப் என்றால் மேல்வாயைத் தகடு வைத்து மூடுங்கள். திறந்திருந்தால் மழைநீர் இறங்கி உள்ளிருந்தே துரு அரிக்கும். குளவியும் கூடு கட்டும்.

4. ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு ஜிங்க் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஜி.ஐ. வெல்டிங் புகை உடம்புக்குக் கேடு. திறந்த வெளியில், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி வேலை செய்யச் சொல்லுங்கள்.

5. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும், காய்ந்த பின் எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்டும் அடியுங்கள். கழுத்துக்கு மேலே அரை அடி, கீழே அரை அடி, மொத்தம் 1 அடிக்குத் தார் பூசுங்கள். கான்கிரீட்டுக்குள் போகும் மற்ற பகுதிக்குப் பெயிண்ட் வேண்டாம். அங்கே சிமெண்ட்தான் இரும்பைப் பிடித்துக் காக்கும்.

தோண்டும் முன்

முதலில் எல்லை. சர்வே கல்லை அசைக்காதீர்கள். கல்லுக்கு உட்புறமாக, நம் நிலத்தில்தான் கால் வர வேண்டும். எல்லையில் சந்தேகம் இருந்தால் அளந்த பிறகு வேலியைத் தொடங்குங்கள். காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையின் எல்லைக்கல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான இடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டுப் பிடுங்குவது இரட்டைச் செலவு.

அடுத்தது கரண்ட். பம்புசெட்டுக்குப் போகும் கேபிளும் பைப்பும் மண்ணுக்குள் எந்த வழியாகப் போகின்றன என்று அடையாளம் வையுங்கள். மேலே மின்கம்பி போகும் இடத்தில் 20 அடி முழு பைப்பைத் தூக்கி நிமிர்த்தவே கூடாது. நுனி கம்பியில் பட்டால், ஏன் நெருங்கினால்கூட, பிடித்திருப்பவர் உயிர் போகும். பட்டறையிலேயே வெட்டிக்கொண்டு வாருங்கள். மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ வேலியைக் கட்டவும் கூடாது.

நடுவதற்குத் தையும் மாசியும் ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழை விட்ட ஈரம் மண்ணில் இருக்கும், கடப்பாரை இறங்கும். சித்திரையில் சரளை மண் கல்லாக இறுகிவிடும். ஐப்பசியில் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறும்.

குழியும் கான்கிரீட்டும்

நடுக்காலுக்கு 1 அடிக்கு 1 அடி அகலம், இரண்டேகால் அடி ஆழம் தோண்டுங்கள். குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கக் கூடாது. அப்படித் தோண்டினால் கான்கிரீட் ஆப்பு போலாகிச் சுலபமாகக் கிளம்பிவிடும். அடியும் வாயும் ஒரே அளவு, முடிந்தால் அடி சற்று அகலம்.

அடியில் 3 அங்குலம் ஜல்லியோ உடைகல்லோ போட்டு இடியுங்கள். அதன் மேல் காலை நிறுத்துங்கள். பைப்புக்குள் இறங்கும் ஈரம் தேங்காமல் ஜல்லி வழியாக மண்ணுக்குள் போய்விடும்.

இரண்டு மூலைக்கால்களுக்கு இடையே நூல் கட்டி அந்த நூலுக்கு மற்ற கால்களை நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு பக்கம் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சரிவு நிலத்திலும் கால் வானத்தைப் பார்த்து நேராகத்தான் நிற்க வேண்டும், சரிவுக்குச் செங்குத்தாக அல்ல. ஆழத்தை அளக்கும்போது குழியின் பள்ளப் பக்கத்திலிருந்து அளவெடுங்கள். மேட்டுப் பக்கம் அளந்தால் ஆழம் குறைந்துவிடும்.

கலவை 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல் அல்லது எம்-சாண்ட், 4 பங்கு முக்கால் அங்குல ஜல்லி. தண்ணீரை அளவாக ஊற்றுங்கள். சட்டியில் குழம்பு போல ஓடினால் பலம் குறைந்துவிடும். கொட்டும்போதே கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு மூட்டை சிமெண்டில் நடுக்கால் குழி ஏறத்தாழ 3 நிரம்பும்.

முக்கியமான வேலை இனித்தான். கான்கிரீட்டை மண்மட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 2 அங்குலம் மேலே எழுப்பி, நான்கு பக்கமும் சரிவாகக் கரண்டியால் பூசிவிடுங்கள், கோபுரச் சரிவு போல. மழைநீர் கழுத்தில் தேங்காமல் வழிந்தோட வேண்டும். கான்கிரீட் காய்ந்த பிறகு, இரும்பும் கான்கிரீட்டும் சேரும் இடுக்கைச் சுற்றி மறுபடியும் தார் பூசுங்கள்.

ஈரச் சாக்கு போட்டு 7 நாள் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவரை கம்பியை இழுக்கக் கூடாது. அவசரப்பட்டு மறுநாளே இழுத்தால், பச்சைக் கான்கிரீட்டுக்குள் கால் அசைந்து, ஆயுசுக்கும் ஆடும்.

மூலையும் முட்டும்

வேலியின் இழுவை எல்லாம் மூலைக்கால் மேல்தான். ஒன்றேகால் அடிச் சதுரத்தில் 3 அடி ஆழக் குழி தோண்டுங்கள். இதற்கு முக்கால் மூட்டைக்கு மேல் சிமெண்ட் பிடிக்கும். வேலி போகும் இரு திசைகளிலும் சாய்வாக ஒரு முட்டுக்கால் கொடுத்து, அதன் அடியையும் 1 அடி கான்கிரீட்டில் உட்கார வையுங்கள்.

நேராகப் போகும் வேலியில் 15 கால்களுக்கு ஒரு முறை இருபுறமும் முட்டு கொடுப்பது அரசுக் கட்டுமானப் பணிகளில் உள்ள வழக்கம். மலைச்சரிவில் 10 கால்களுக்கு ஒரு முறை கொடுப்பது நல்லது. சரிவு ஏறி இறங்கும் இடங்களிலும் முட்டு வேண்டும்.

செலவைக் குறைக்க

சதுரமான 1 ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒன்றாக வைத்தால் 84 கால் வரும். எல்லாவற்றுக்கும் கான்கிரீட் என்றால் 35 மூட்டைக்கு மேல் சிமெண்ட் ஆகும். கச்சிராயபாளையத்திலிருந்து மலை மேல் ஏற்றும் வாடகையும் சேர்ந்தால் கை கடிக்கும்.

மூலை, கேட், முட்டு கொடுக்கும் கால்கள், முட்டுகளின் அடி ஆகியவற்றுக்கு மட்டும் கான்கிரீட் போட்டால் சுமார் 12 மூட்டையில் முடிக்கலாம். மற்ற கால்களை மண்ணிலேயே இடித்து நிறுத்தலாம். தோண்டிய மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே மிதிப்பது பயன் தராது. அரை அடி மண், அதன் மேல் கல்சரளை, கடப்பாரையின் மொட்டை முனையால் நாலு பக்கமும் இடி, பிறகு அடுத்த அரை அடி என்று படிப்படியாக ஏற வேண்டும். மேலே மண்ணைக் குவித்துச் சரிவாக்குங்கள். இந்தக் கால்களுக்குக் கான்கிரீட் காப்பு இல்லாததால் மண்ணுக்குள் போகும் பகுதி முழுவதும் தார் பூச வேண்டும்.

சமவெளியில் கரிசல் நிலம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தோண்டிய மண்ணையே போட்டு மூடினால் காலைச் சுற்றி இடைவெளி விழும். கிராவல் கொண்டுவந்து போட்டு இடியுங்கள்.

ஒரு அடியிலேயே பாறை வந்தால் காலைக் குட்டையாக வெட்டி ஒப்பேற்ற வேண்டாம். டிரில் போட்டுப் பாறையில் துளையிட்டு, கம்பி இறக்கி, சிமெண்ட் பால் ஊற்றி இறுகிய பின் அதில் காலைப் பற்றவைக்கலாம். இல்லையென்றால் இரண்டடி தள்ளித் தோண்டிப் பாருங்கள்.

கேட்டும் தனிக்காலும்

கேட்டின் அகலத்தை இன்றைய தேவைக்கு மட்டும் பார்க்காதீர்கள். டிராக்டர் டிரெய்லர் திரும்பி நுழைய 12 அடியாவது வேண்டும். மலையடிவாரத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றுபவர்கள் லாரிக்கு 14 அடி விட வேண்டும். கீல் மாட்டும் காலுக்குத்தான் பாரம் அதிகம். கேட் இழுக்கும் திசைக்கு எதிரே முட்டு கொடுங்கள்.

காட்டுக்கொட்டாய் வாசலில் தபால் பெட்டிக்கோ, பெயர்ப் பலகைக்கோ, சோலார் விளக்குக்கோ ஒற்றைக் கால் நடுவதற்கும் இதே முறைதான். தனிக்காலுக்குப் பக்கத்தில் துணை இல்லை, மேலே காற்று பிடிக்கும். அதனால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும்.

அடி இடைவெளியும் நீரோட்டமும்

சரிவில் வலைக்கும் தரைக்கும் நடுவே விழும் சந்துதான் பன்றிக்கு வாசல். வலையை 1 அடி மண்ணுக்குள் புதையுங்கள் அல்லது அடியில் கற்களை நெருக்கி அடுக்குங்கள். மழைநீர் ஓடும் பள்ளத்தில் மட்டும் வலையை அடைத்துக் கட்டாதீர்கள். சருகு அடைத்து, வெள்ளம் காலோடு சாய்த்துவிடும். அங்கே தனித் துண்டு வலையை மேல்கம்பியில் தொங்கவிட்டால் தண்ணீர் வரும்போது தள்ளிக்கொண்டு வழிவிடும்.

கம்பியில் கரண்ட் வேண்டாம்

எவ்வளவு நஷ்டம் ஏற்பட்டாலும் வீட்டு லைன் அல்லது பம்புசெட் லைனை வேலியில் கொடுக்காதீர்கள். அது குற்றம் மட்டுமல்ல. விறகு பொறுக்கப் போகிறவர், மாடு தேடிப் போகும் பிள்ளை, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நாமே அதில் சிக்கலாம். இரும்புக் கால் நட்ட வேலியில் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கம்பியில் கசிந்தாலும் வேலி முழுவதும் பாயும்.

விட்டுவிட்டு அதிர்வு தரும் சோலார் மின்வேலி வேறு வகை. அதற்குத் தரமான கருவியும், காலிலிருந்து கம்பியைப் பிரிக்கும் இன்சுலேட்டரும் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென 2023-ல் விதிகள் வந்துள்ளன. காட்டை ஒட்டிய நிலம் என்றால் முதலில் வனத்துறையில் விசாரியுங்கள். மானியம் இப்போது கிடைக்கிறதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வருடம் ஒரு நாள் வேலை

வேலி போட்டதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன் ஆவணியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு காலடியிலும் புல்லைச் செதுக்கி, ஒதுங்கிய மண்ணைத் தள்ளி, கழுத்தைப் பாருங்கள். துரு தெரிந்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பின் தார் பூசுங்கள். உரமூட்டையைக் காலில் சாய்த்து வைக்காதீர்கள். ஆடும் காலை அன்றைக்கே இடித்து இறுக்குங்கள்.

வேலியோரம் உட்புறமாகக் கிளுவைப் போத்துகளை இப்போதே நெருக்கமாக நட்டுவையுங்கள். இரும்பு இளைக்கும் காலத்தில் அந்த உயிர்வேலி தடித்து நின்று கைகொடுக்கும்.