பெட்டிக்குள் கிடந்த பிடியாணை

எமெட் டில்லைக் கொன்றது யார் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. இதை முதலே சொல்லவேண்டும். 'நீதி கிடைக்காத கொலை' என்றால், ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போன கதை என்றுதான் கனபேர் நினைக்கிறோம்.

சிக்காகோவிலிருந்து விடுமுறைக்கு மிசிசிப்பியில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த 14 வயதுக் கறுப்பினப் பொடியன் அவன். கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தானாம். 1955 ஓகஸ்ட் 28 அதிகாலை, அந்தப் பெண்ணின் கணவன் ரோய் பிரையன்ட்டும் அவனுடைய அண்ணன் முறையான மைலமும் வந்து பொடியனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது.

தாய் மேமி சவப்பெட்டியை மூட விடவில்லை. என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று நின்றார். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். 'ஜெட்' சஞ்சிகை படத்தைப் போட்டது.

நீதிமன்றத்தில் எமெட்டின் பெரிய மாமா மோஸ் ரைட் எழும்பி நின்று, பொடியனைக் கொண்டுபோனவர்களைக் கைநீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அப்படிச் செய்வது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. பிறகு அவர் ஊரை விட்டே போகவேண்டி வந்தது. ஜூரியில் 12 பேரும் வெள்ளை ஆண்கள். 67 நிமிடத்தில் விடுதலை. அடுத்த ஜனவரியில் இருவரும் காசு வாங்கிக்கொண்டு, தாங்கள்தான் கொன்றது என்று 'லுக்' சஞ்சிகைக்குச் சொன்னார்கள். விடுதலையான அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்பது அவர்களுக்கு வடிவாகத் தெரியும்.

ஆனால் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். கடையில் நின்ற அந்தப் பெண், கரோலின். கடத்தல் குற்றத்துக்கான பிடியாணையில் 'திருமதி ரோய் பிரையன்ட்' என்று அவர் பெயரும் இருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், தொந்தரவு கொடுக்க விருப்பமில்லை என்று அன்றைய ஷெரிஃப் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். மேமியும் ஒரு தாய்தான்; அது அவர் கணக்கில் வரவில்லை.

2004இல் விசாரணை திரும்பத் தொடங்கியபோது ஆண்கள் இருவரும் செத்துப்போயிருந்தார்கள். 2022 ஜூனில், எமெட்டின் உறவினரும் சேர்ந்து தேடிப்போய், லெஃப்ளோர் கவுன்டி நீதிமன்றத்தின் நிலக்கீழ் அறையில், ஒரு பெட்டிக்குள் அந்தப் பிடியாணையைக் கண்டெடுத்தார்கள். 67 வருசம் அதே கட்டடத்தில் கிடந்திருக்கிறது. ஒருத்தரும் ஒளிக்கவில்லை, எரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்படி ஒரு கடதாசி கிடப்பதுதான் எனக்குக் கொலையைவிடக் குளிராக இருக்கிறது.

ஓகஸ்டில் பெரும் ஜூரி கூடியது. சாட்சியம் போதாது என்றது. 2023 ஏப்ரலில் கரோலின் 88 வயதில் இறந்தார். பிடியாணை கடைசிவரை நிறைவேற்றப்படவில்லை.

உடல் எடுத்த ஆற்றங்கரையில் வைத்த நினைவுப் பலகையைத் திரும்பத் திரும்பச் சுட்டுத் துளைத்தார்கள். 2019இலிருந்து அங்கே நிற்பது குண்டு துளைக்காத பலகை.